கவிஞரின் வலைப்பூவுக்கு யார் வருகிறார்கள்?

சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, அது கடைகளில் கிடைக்காது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான், இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதும் இல்லை என்று தாமே ஓர் எல்லை போட்டுக்கொண்டார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. படித்தவர்கள் சில நூறு பேர். ஆனால் ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, சி. மணி, திருகோணமலையிலிருந்து தபாலில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த தருமு சிவராமூ (பின்னாளில் பிரமிள்) என்று ஒரு தலைமுறையே அந்தச் சில நூறு பேர் முன்னால்தான் கவிஞர்களாக நிலைபெற்றது. 1971-ல் கோவையில் வானம்பாடிக் கவிஞர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். ‘விலையிலாக் கவிமடல்’ என்று பெயர் சூட்டி, காசு வாங்காமல் கவிதையை ஊர் ஊராக அனுப்பினார்கள்.

2003-க்குப் பிறகு தமிழில் வலைப்பூக்கள் பரவத் தொடங்கியபோது, இந்த இரண்டு வழிகளின் சிரமங்களும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டதாகப் பலருக்குத் தோன்றியது. அச்சுக்கூலி இல்லை, தபால்தலை இல்லை, திருப்பி அனுப்பும் ஆசிரியரும் இல்லை. வலைப்பூ நடத்த இடம் தரும் பிளாக்கர் 1999-லேயே வந்துவிட்ட சேவை. 2003-ல் கூகுள் அதை வாங்கியபின் அதன் கட்டண வசதிகளும் இலவசமாயின. கவிதையை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் டொரன்டோவில் இருப்பவர் அந்த நிமிஷமே படிக்கலாம். அதன்பின் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. யாருக்கு வாசகர் கிடைத்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று நிதானமாகப் பார்க்க இது போதுமான காலம்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிதையை மட்டும் வரிசையாகப் போட்டுவந்த வலைப்பூக்களுக்குப் பெரும்பாலும் வந்தவர்கள் சக கவிஞர்கள். கவிதை எழுதாத, படிக்க மட்டுமே செய்கிற அந்த அரிய மனிதர் வந்தது, யாரோ ஒருவர் கவிதையைப் பற்றி எழுதிய உரைநடையின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

தொடக்கத்தில் எழுத்துருவே பெரிய பாடாக இருந்தது. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு ஒழுங்குபடுத்த முயன்ற பிறகும், ஒருவர் தட்டச்சு செய்த கவிதை இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரிவது சாதாரணம். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவலானபின்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. கவிதையைப் பொறுத்தவரை யூனிகோடு செய்த இன்னொரு காரியத்தை நாம் போதிய அளவு பேசவில்லை. தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தேடலாம் என்று ஆனது அதனால்தான். அரைகுறையாக நினைவிருக்கும் ஒரு வரியைத் தேடுபெட்டியில் தட்டிக் கவிதை முழுவதையும் கண்டுபிடிப்பது அதற்கு முன் நடக்காத காரியம். மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நண்பர் வேண்டும், இல்லையென்றால் பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் யாரோ ஒருவரின் பரண் வேண்டும்.

2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அடுத்த படி. எந்த வலைப்பூவில் புதிதாக என்ன வந்தாலும் அதன் தலைப்பையும் முதல் சில வரிகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டி அது. பிறகு தேன்கூடு வந்தது, இன்னும் சில வந்தன. அறிமுகமே இல்லாத ஒருவர் எழுதிய கவிதை, அரசியல் சண்டைக்கும் சினிமா விமர்சனத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் சில மணி நேரம் முகப்பில் நிற்கும். சிற்றிதழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத மென்பொருள்காரர் ஒருவர் மதிய இடைவேளையில் அதைச் சொடுக்கிவிட வாய்ப்பிருந்தது. அந்தத் தற்செயலைச் சிறிதாக எண்ணக்கூடாது. கவிதைக்குப் புது ஆள் வருவது பெரும்பாலும் இப்படி வழிதவறித்தான்.

ஆனால் அந்த வெளிக்கு ஒரு பழக்கமும் சேர்ந்தே வளர்ந்தது. பின்னூட்டம், அதாவது இடுகைக்குக் கீழே படித்தவர் எழுதும் கருத்து. நீ என் இடுகைக்கு ஒன்று போட்டால் நான் உன் இடுகைக்கு ஒன்று போடுவேன். பதிவர்களே இதை மொய் என்றுதான் சொன்னார்கள். ‘அருமை’, ‘கலக்கல்’, ‘கடைசி இரண்டு வரி மனதைத் தொட்டது’ என்ற மூன்று வாக்கியங்களும் எந்தக் கவிதைக்கும் பொருந்தும். முதலில் வந்தவர், முதல் பின்னூட்டத்துக்கே பரிசு என்ற கேலியில், ‘வடை எனக்கே’ என்று எழுதிவிட்டுப் போவார். நாற்பது பின்னூட்டம் வந்த கவிதைக்கு நாற்பது வாசகர் இருந்ததாகக் கணக்குப் போட்டவர்கள், தொகுப்பு அச்சாகி வந்தபோது அந்த நாற்பதில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்திருப்பார்கள். இன்னொரு பக்கம், கவிதையைக் ‘கவுஜ’ என்று கிண்டல் செய்து, புரியவில்லை என்று சொல்லி, ‘எதிர்கவுஜ’ என்ற பெயரில் பகடி எழுதும் கூட்டமும் பெரிதாக இருந்தது. அந்தப் பகடி பலரை நோகடித்தது உண்மை. ஆனாலும் வெறும் பாராட்டைவிட அது கவிதைக்கு ஒருவகையில் நெருக்கமானது என்று நினைக்கிறேன். பகடி எழுத வேண்டுமானால் மூலத்தை இரண்டு முறையாவது படித்தாக வேண்டும்.

சரி, உரைநடைக்கு வருவோம். வா. மணிகண்டன் நல்ல உதாரணம். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர், கவிஞராக அறிமுகமானவர், 2007-ல் ‘கண்ணாடியில் நகரும் வெயில்’ தொகுப்பு வெளியானது. அவருடைய ‘நிசப்தம்’ தளத்துக்கு நாள்தோறும் ஆட்கள் வந்தது அவர் ஏறக்குறைய அன்றாடம் எழுதிய சிறு கட்டுரைகளுக்காக. பேருந்தில் பார்த்த மனிதர், அலுவலகத்தில் நடந்த உரையாடல், ஊர்ப் பள்ளிக்கூடம், படித்த புத்தகம். இந்த வாசகர்கள் அவரை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு நிசப்தம் அறக்கட்டளையே சாட்சி. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்டு அவர் தளத்தில் எழுதினால் பணம் வந்தது. அப்படி வந்தவர்களில் ஒரு பங்கினர், இவர் கவிதையும் எழுதுகிறாராமே என்று எட்டிப் பார்த்தார்கள். கவிதைக்கென்று புறப்பட்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். ஒரு குரலைப் பிடித்துப்போய், அந்தக் குரல் வேறு என்ன சொல்கிறது என்று பார்க்க வந்தவர்கள். கவிஞருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வாசகர் இவர்தான் என்பது என் எண்ணம். ஏனென்றால் இவர் திருப்பி எதையும் எதிர்பார்ப்பதில்லை.

இது இணையம் கண்டுபிடித்த புது வழியும் இல்லை. ‘எழுத்து’ புதுக்கவிதையை வெளியிட்ட இதழ் என்று நினைவில் நிற்கிறது. ஆனால் செல்லப்பா அதைத் தொடங்கியது விமர்சனத்துக்காக. ஒரு கவிதையில் என்ன நடக்கிறது, யாப்பு போனபின் எது அதைக் கவிதையாக நிறுத்துகிறது என்று மாதாமாதம் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. கவிதை ஒரு பக்கம், அதைப் படிக்கும் கண்ணைப் பழக்கும் எழுத்து மறுபக்கம். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் சில நூறு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள். வலைப்பூ வந்த காலத்தில் ஏராளமானோர் கவிதை என்ற பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இருநூறு கவிதை இருக்கும் தளத்தில், தான் படித்த இன்னொருவர் கவிதையைப் பற்றி இரண்டு பத்தி கிடையாது. உள்ளே வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

வேறொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. இணையத்தால் அதிகம் பயன் பெற்ற தமிழ்க் கவிஞர்கள் யார் என்று கேட்டால், வலைப்பூவே வைத்திருக்காதவர்கள் என்றுதான் சொல்வேன். 1984-ல் இறந்த ஆத்மாநாம். 2007-ல் இறந்த நகுலன். பிரமிள். இவர்களுடைய தொகுப்புகள் பல ஆண்டுகள் கடைகளில் எளிதாகக் கிடைக்காமல் இருந்தன. ‘அழியாச் சுடர்கள்’ போன்ற தளங்களில் வாசகர்கள் பொறுமையாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். திண்ணை போன்ற இணைய இதழ்களில் கட்டுரைகள் வந்தன. ஜெயமோகன் தன் தளத்தில் தேவதேவன் பற்றியும் பிற கவிஞர்கள் பற்றியும் மீண்டும் மீண்டும் எழுதினார். இருபது வயதில் கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு ஆத்மாநாமைக் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகுதான் சாத்தியமானது.

நகுலனின் ‘ராமச்சந்திரனா’ என்று தொடங்கும் சின்னக் கவிதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இணையத்தில் அதிகம் சுற்றிய நவீன கவிதைகளில் அது ஒன்று. ஏன்? முதல் சொல்லே ஒரு பெயர், அதுவும் கேள்வியாக. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், தேடுபெட்டியில் அந்தப் பெயரையும் நகுலன் என்பதையும் போட்டால் முன்னால் வந்து நிற்கும். வரிகள் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகாதவை, அதனால் எந்தத் திரையிலும் உடையாது. பேச்சு மொழிக்கு ஒட்டிய சொற்கள், அகராதி தேவையில்லை. ஆனால் படித்து முடித்ததும், ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கிளம்பியவர்கள் எழுதிய பத்திகள் எத்தனையோ. கவிதையைவிட அதைப் பற்றிய பேச்சு பல மடங்கு நீளம். நகுலனுக்குப் புது வாசகரைக் கூட்டி வந்தது அந்தப் பேச்சு. எல்லாரும் இப்படிச் சின்னதாக எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு கவிதை பயணம் போக என்னென்ன துணை தேவைப்படுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஈழத்துக் கவிதைக்கு வந்தால் கதையே வேறு. இலங்கையில் அச்சாகும் தமிழ்ப் புத்தகம் தமிழ்நாட்டுக் கடைக்கு வந்து சேர்வது எப்போதுமே கஷ்டம். போர் அதை இன்னும் இறுக்கியது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போவதே கப்பலை நம்பித்தான். அந்த ஆண்டுகளில் கிளிநொச்சியைச் சேர்ந்த தீபச்செல்வன், யாழ்ப்பாணத்தில் மாணவராக இருந்தபடி தன் வலைப்பூவில் கவிதைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். 2008-ல் அவருடைய ‘பதுங்கு குழியில் பிறந்த குழந்தை’யைக் காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலிலிருந்து வெளியிட்டது. அனார், ஃபஹீமா ஜஹான் போன்ற இலங்கையின் பல பகுதிகளில் இருந்த பெண் கவிஞர்களையும், புலம்பெயர்ந்த தமிழ்நதியையும் தமிழ்நாட்டு வாசகர் பலர் முதலில் படித்தது திரையில்தான். இங்கே மட்டும் நான் மேலே சொன்ன விதி அப்படியே பொருந்தவில்லை. கவிதையே நேராக வாசகரைத் தேடி வந்தது, அதற்கு அறிமுகக் கட்டுரை தேவைப்படவில்லை. செய்தித்தாளில் வராத ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தவித்தவர்கள் அந்தப் பக்கம் ஏற்கெனவே காத்திருந்தார்கள். தேவை இருக்கும் இடத்துக்கு வழி மட்டும் திறந்தால் போதும் என்பதை அந்தக் காலம் காட்டியது. அதேசமயம், போர் முடிந்தபின் பலர் அந்தக் கவிதைகளைச் சாட்சியமாகவே நினைவில் வைத்துக்கொண்டு, கவிதையாகத் திரும்பிப் படிக்க வரவில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

வலைப்பூவிலிருந்து புத்தகத்துக்குப் போன பாதையில் அகநாழிகையைச் சொல்ல வேண்டும். வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த கவிஞர் பொன். வாசுதேவன், 2009-ல் அதே பெயரில் இதழும் பதிப்பகமும் தொடங்கினார். லாவண்யா சுந்தரராஜன், என். விநாயகமுருகன் போன்று வலைப்பூவில் எழுதிவந்தவர்களின் முதல் தொகுப்புகள் அங்கிருந்து வந்தன. விநாயகமுருகன் பிறகு நாவலாசிரியராக அறியப்பட்டார். இந்தத் தொகுப்புகளின் வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் புனைபெயரில் மட்டுமே அறிந்திருந்தவர்கள். கவிஞர்களுக்குள் ஒரு வட்டம் உண்டானது. அது பெரிய பேறு. தனியாக எழுதுகிறவருக்கு, இந்த வரி சரியில்லை என்று சொல்ல ஒருவர் கிடைப்பதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் வட்டம் என்பது வாசகர் பரப்பு ஆகிவிடாது.

இணையத்தில் போட்டுவிட்ட கவிதையை இதழ்கள் எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. இன்றும் தீரவில்லை. தமிழ்ச் சிற்றிதழ்கள் பெரும்பாலும் வேறெங்கும் வெளிவராத படைப்பையே கேட்கின்றன, முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகவே பல ஆசிரியர்கள் எண்ணுகிறார்கள். ஆங்கிலக் கவிதை இதழ்களிலும் இதே வழக்கம் பரவலாக உண்டு. அதனால் புதிதாக எழுத வருகிறவர், எதை இதழுக்கு அனுப்புவது எதைத் தன் பக்கத்தில் போடுவது என்று முன்னாலேயே பிரித்துக்கொள்வது நல்லது. இதழில் வந்து சில மாதம் கழிந்தபின் தன் தளத்தில் ஏற்றலாம், யாரும் தடுப்பதில்லை. தொகுப்பு வரப்போகிறது என்பதற்காக வலைப்பூவில் இருக்கும் கவிதைகளை மொத்தமாக நீக்குகிறவர்களும் இருக்கிறார்கள். திரையில் படித்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவிதைத் தொகுப்பை வாங்குகிறவர், அதிலிருந்து நாலு கவிதையை ஏற்கெனவே எங்கோ படித்து விரும்பியவர்தான். கடையில் புரட்டிப் பார்த்து, தெரியாத கவிஞரின் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்?

பிறகு முகநூல் வந்தது. 2010-ஐ ஒட்டிப் பதிவர்கள் ஒவ்வொருவராக அங்கே குடிபெயர்ந்தார்கள். பல தளங்களின் புது இடுகைகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, வலைப்பூக்களை அதன் வழியாகத் தொடர்ந்து படித்துவந்த பழக்கமும் பலரிடம் அறுந்துபோனது. திரட்டிகள் மெல்ல ஓய்ந்தன. முகநூல் கவிஞருக்கு உடனடிக் கூட்டத்தைக் கொடுத்தது, இதை மறுக்க முடியாது. மனுஷ்ய புத்திரன் நாள்தோறும் அங்கே கவிதை எழுதி, அவற்றைப் பெரும் தொகுப்புகளாக்கிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்து, அங்கே வாசகர்களைச் சந்திப்பது நம் கண்முன் நடப்பதுதான். ஆனால் அவர் முகநூலுக்கு வருமுன்பே கால் நூற்றாண்டாகக் கவிஞர், ஓர் இதழின் ஆசிரியர், பதிப்பாளர். புதிதாக வருகிறவருக்கு அந்த மேடை அப்படி வேலை செய்யாது. நேற்று போட்ட கவிதை இன்று கீழே போய்விடுகிறது. போன வருஷம் போட்டதை எழுதியவரே தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. தேடுபொறிக்கு அது பெரும்பாலும் எட்டாத இடம். கவிதை எப்போதும் தாமதமாகப் படிக்கப்படுவது. எழுதி ஆறு வருஷம் கழித்து, ஒரு துக்கத்திலோ பயணத்திலோ இருக்கும் யாரோ ஒருவருக்கு அது தேவைப்படும். அன்றைக்கு அது ஒரு முகவரியில் இருக்க வேண்டும். வலைப்பூவின் பலம் அந்த முகவரிதான் என்பதை நாம் அதை விட்டு வந்தபிறகுதான் உணர்கிறோம்.

இன்ஸ்டாகிராமில் கவிதையைப் படமாகப் போடுகிறார்கள். பின்னால் மழை, ஜன்னல், தேநீர்க் கோப்பை. பார்க்க அழகு. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எழுத்தாகப் பிடிப்பது அரிது, பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அது வெறும் படம். படத்தோடு சேர்த்து அதே கவிதையை எழுத்தாகவும் கீழே இட்டால் இந்தக் குறை தீரும்.

தன் தளம் வைத்திருக்கும் கவிஞர்கள் கவனிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. தலைப்பு முதலில். ‘கவிதை 12’, ‘தலைப்பற்றவை’, ‘சில குறிப்புகள்’ என்று வைத்தால் யாராலும் தேட முடியாது. தலைப்பே வேண்டாம் என்ற பிடிவாதம் இருந்தால் முதல் வரியையே தலைப்பில் கொடுக்கலாம். அடுத்தது வரி. தமிழ்ச் சொற்கள் நீளம். ‘நினைத்துக்கொண்டிருந்தவளின்’ என்ற ஒரே சொல் கைபேசித் திரையின் அகலத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கணினியில் ஒழுங்காகத் தெரிந்த வரி கைபேசியில் மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும். அது கவிஞர் உடைத்த வரியா, திரை உடைத்த வரியா என்று படிப்பவருக்குத் தெரியாது. நீள வரி எழுதுகிறவர் மடங்கும் பகுதியைச் சற்று உள்ளே தள்ளித் தெரியும்படி வடிவமைத்துக்கொள்ள வேண்டும். இன்று பெரும்பாலோர் படிப்பது கைபேசியில்தான்.

திருட்டுக்குப் பயந்து, சுட்டெலியின் வலது சொடுக்கை முடக்கி, எழுத்தை நகலெடுக்க முடியாதபடி செய்து வைத்திருக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. திருடுகிறவர் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்வார். தோழிக்கு இரண்டு வரி அனுப்ப நினைத்த வாசகர்தான் முடியாமல் போய்விடுவார். கவிஞர் உண்மையாகவே இழப்பது தன் பெயரை. வாட்ஸப்பில் ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு நல்ல கவிதைகள் பெயரில்லாமல் சுற்றுகின்றன. சிலசமயம் வேறொருவர் பெயரோடு சுற்றுகின்றன. கவிதையின் கடைசி வரிக்குக் கீழே, ஒரு வரி இடைவெளிகூட விடாமல் பெயரை ஒட்டி எழுதினால், நகலெடுக்கும் விரல் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சின்ன உத்திதான், பலன் உண்டு.

கூடவே, மாதத்துக்கு ஒருமுறையாவது வேறொருவர் கவிதையைப் பற்றி எழுதலாம். நண்பரைப் பற்றி அல்ல, நன்றிக்கடனுக்கும் அல்ல. தன்னை எது தூங்கவிடாமல் செய்ததோ அதைப் பற்றி. ஏன் அந்தச் சொல் அங்கே நிற்கிறது என்று மூன்று பத்தி. படிக்க வருகிறவர் அந்தக் கவிஞருக்காக வருவார், எழுதியவர் யார் என்று மேலே நிமிர்ந்து பார்ப்பார்.

கடைசியாக, சேமிப்பு. சொந்தப் பெயரில் தளம் வாங்கி வைத்திருந்த கவிஞர்கள் சிலர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் பத்துப் பதினைந்து வருட எழுத்து காணாமல் போயிருக்கிறது. இறந்தவர்களின் தளங்கள் அப்படிப் போவது இன்னும் அதிகம், கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிளாக்கரில் எல்லா இடுகைகளையும் பின்னூட்டங்களையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸிலும் இருக்கிறது. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தளத்தின் முகவரியை நாமே கொடுத்து ஒவ்வொரு பக்கமாகச் சேமித்தும் வைக்கலாம். இறக்கிய கோப்பில் ஒரு பிரதியை வேறொரு ஊரில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து வைப்பதும், தளத்தின் கடவுச்சொல்லை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வைப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிந்துவிடுகிற வேலை.